பச்சைப் பெட்டியா, சிவப்புப் பையா? வன்னி வளாகங்களின் மாணவர் முதலுதவி அணிக்கு ஒரு கொள்வனவு மதிப்பீடு

கம்பஸில் மாணவர் முதலுதவி அணி தொடங்குவோம் என்று பேச்செழுந்தால், முதல் கூட்டத்திலேயே காசு சேர்த்து ஒரு பை வாங்கிவிடுகிறார்கள். ஆட்களும் பயிற்சியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனவே இந்த மதிப்பீட்டையும் பையிலிருந்தே தொடங்குகிறோம். சந்தையில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, பாமசிகளில் விற்கும் சுவரில் மாட்டும் பச்சைச் சிலுவைப் பெட்டி. மற்றது, இணையத்தில் தருவிக்கும் பல அறைகள் கொண்ட சிவப்புப் பை. இரண்டிலும் உள்ளதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்கவேண்டும்: அம்புலன்ஸ் வந்து சேரும்வரை, இருபது வயதுத் தொண்டர் ஒருவரின் கையில் இது என்ன செய்யும்?

வன்னியில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில், மன்னார் வீதியில், நகரை விட்டுத் தள்ளி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அறிவியல் நகரில், கிளிநொச்சிக்கும் முறிகண்டிக்கும் இடையில் இருக்கின்றன. சுற்றிவரப் பற்றைக்காடு. இரவில் வீதியில் மாடு படுத்திருக்கும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் வண்டி வரும்வரை உள்ள நிமிடங்கள் வளாகத்துக்குள் இருப்பவர்களுடையவை. நெஞ்சு நின்ற ஒருவருக்கு மூளை பாதிக்கப்படத் தொடங்க நான்கைந்து நிமிடம் போதும். தொடையில் பெரிய நாடி அறுந்தவருக்கும் அதிக நேரம் கிடைக்காது.

முதலில் பச்சைப் பெட்டி. அலுவலகத்தில் விரல் வெட்டினால் ஒட்டுவதற்கு நல்லது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பாதி இடத்தைச் சிறிய பிளாஸ்டர்கள் அடைத்திருக்கும். பஞ்சுச் சுருள் ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். திறந்த காயத்தில் பஞ்சு வைத்தால் இழை இழையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு தாதியர் சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டிவரும். கத்தரிக்கோல் கோஸ் துணியை வெட்டும், ஜீன்ஸ் வெட்டாது. மோட்டார் சைக்கிளில் விழுந்தவரின் காலைப் பார்க்க வேண்டுமென்றால் வெட்டவேண்டியது ஜீன்ஸைத்தான். லேற்றக்ஸ் கையுறை இரண்டு சோடி மடித்து வைத்திருப்பார்கள். ஒரு கோடை போனதும் அது தன்னோடு தானே ஒட்டி, விரல் நுழைக்கும்போது கிழியும். நைட்ரைல் கையுறை, நடுத்தரம் ஒரு பெட்டி, பெரிது ஒரு பெட்டி வாங்குங்கள்.

பெட்டியில் நாங்கள் கடுமையாக எதிர்க்கும் ஒன்று வலி மாத்திரை. வடகீழ் பருவ மழையோடு டெங்கு வரும் பிரதேசம் இது. காய்ச்சலும் உடம்பு நோவுமாக வரும் மாணவருக்கு ஐபுபுரூஃபனோ டைக்குளோபினாக்கோ அஸ்பிரினோ கொடுத்தால், டெங்குவாக இருக்கும் பட்சத்தில் இரத்தப்பெருக்கு ஆபத்தைக் கூட்டியதாகிவிடும். அணியின் பையில் வாயால் கொடுப்பதற்கு இரண்டே இரண்டு பொருள் இருக்கலாம்: ஜீவனிப் பொட்டலம் (நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்), குளுக்கோஸ். வேறு எந்த மருந்தும் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி எழுத்தில் தந்த அனுமதியோடுதான் உள்ளே போகவேண்டும். நெஞ்சு நோவுக்கு அஸ்பிரின் என்பதும் அந்த எழுத்துக்குள் அடங்கும்.

இனிச் சிவப்புப் பை. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம், பளபளக்கும் பட்டிகள் இரவில் தெரியும், கனமான ஆடை வெட்டும் கத்தரி உண்மையிலேயே நல்லது, அரைப்பட்டியைக்கூட வெட்டும். முதல் குறை சிப். செம்மண் புழுதி ஏறினால் மூன்று மாதத்தில் பாதியில் நிற்கும். மெழுகுதிரியைச் சிப்பின் பற்களில் தேய்த்து மாதமொருமுறை இழுத்துப் பார்க்கவேண்டும்.

உள்ளே தொண்டைக்குள் செருகும் வளைந்த பிளாஸ்ரிக் குழாய்கள் ஆறேழு அளவில் வரும், ஒட்சிசன் முகமூடி வரும், உருளை வராது. இந்தப் பைகள் பெரும்பாலும் அமெரிக்க வளாக அணிகளின் பாவனையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே கல்லூரி மாணவர்கள் நடத்தும் அவசர மருத்துவ அணிகளுக்கென 1993இலேயே ஒரு தேசிய அமைப்பு உருவானது. பல அணிகளில் மாணவர்கள் நூற்றைம்பது மணித்தியாலத்துக்கு மேல் படித்து, மாநிலத்தின் பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரத்தோடு பணியில் இருப்பார்கள். சில வளாகங்களுக்குச் சொந்த அம்புலன்ஸும் உண்டு. அந்த மாணவர் கையில் குழாய் ஒரு கருவி. இரண்டு நாள் பயிற்சி பெற்றவர் கையில் அதே குழாய், அரை நினைவோடு இருப்பவரைச் சத்தியெடுக்க வைத்து மூச்சுக்குழாயை அடைக்கும். குழாய்களைச் சுகாதார நிலையத்திடம் ஒப்படைத்துவிட்டு, அந்த அறையில் கோஸ் நிரப்புங்கள். தலையைப் பின்சாய்த்து மோவாயை உயர்த்தவும், மூச்சுள்ளவரைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தவும் எந்தக் கருவியும் தேவையில்லை.

பையில் மிகக் கவனமாகப் பார்க்கவேண்டியது டூர்னிக்கே எனும் இறுக்குப் பட்டி. படை மருத்துவர்களின் பட்டியைப் போலவே தோன்றும் மலிவுப் போலிகள் ஏராளம். சோதிக்கும் விதம் இது. கடையிலேயே உங்கள் தொடையில் சுற்றி, பட்டியின் தளர்வை முதலில் முழுதாக இழுத்தெடுங்கள். பிறகு திருகுகோலை மூன்று சுற்று திருப்புங்கள். நல்ல பட்டியில் கோல் நேராக நிற்கும், பாதத்தின் மேற்புற நாடித்துடிப்பு நின்றுவிடும். போலியில் இரண்டாவது சுற்றிலேயே கோல் வில்லாக வளையும், அல்லது ஒட்டும் பட்டி 'சர்' என்று வழுக்கும், அல்லது கோலைப் பிடிக்கும் கொளுவி வெடிக்கும். நாடி நிற்காத பட்டி வீண் மட்டுமல்ல, கேடு. உள்ளே வரும் இரத்தத்தை விட்டுவிட்டு, திரும்பிப் போகும் இரத்தத்தை மட்டும் தடுத்து, பெருக்கைக் கூட்டிவிடும். சோதித்த பட்டியைப் பயிற்சிக்கென்று நிறம் பூசி ஒதுக்குங்கள். பைக்குள் போவது புதியதாக இருக்கட்டும், இரண்டு. காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டில் படாமல் கட்டி, இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதவேண்டும். எழுதுவதற்கு நீர்படாப் பேனா பட்டியோடேயே கட்டியிருக்க வேண்டும். வைத்தியசாலைக்கு முன்னால் யார் கேட்டாலும் தளர்த்தக் கூடாது. சாரமும் தடியும் கொண்டு கட்டுவது கடைசி வழி. அநேகமாகத் தடி முறியும் அல்லது துணி நழுவும்.

இடுப்புமடி, அக்குள், கழுத்து ஆகியவற்றில் பட்டி கட்ட முடியாது. அங்கே கோஸ் சுருளைக் காயத்தின் அடிவரை விரலால் திணித்து, பத்து நிமிடம் இரு கையாலும் அழுத்தவேண்டும். இடையில் தூக்கிப் பார்க்கும் ஆசைதான் எல்லாப் பயிற்சியிலும் நாங்கள் காணும் பிழை. தூக்கினால் உறைந்தது குலையும். ஒரு பைக்கு 10 சென்ரிமீற்றர் கோஸ் சுருள் எட்டு, நெகிழ் பண்டேஜ் ஆறு, முக்கோணத் துணி ஆறு என்பது எங்கள் கணக்கு. தயார்ப் பையில் வருவது அதில் பாதியும் இல்லை.

சில பைகளில் மஞ்சள் நிற ஊசிக்குழாய் போன்ற விஷம் உறிஞ்சி ஒன்று தரப்படுகிறது. பாம்புக்கடிக்காம். அதைக் குப்பையில் போடுங்கள். அது விஷத்தை எடுப்பதில்லை, தோலைக் கெடுக்கிறது, எல்லாவற்றிலும் மோசமாக நேரத்தைத் தின்கிறது. வன்னி வளாகத்துக்குப் பாம்புக்கடி ஏட்டுப் பாடம் அல்ல. கண்ணாடி விரியன் வயலோரத்திலும் புல்லிலும் கிடக்கும். கடித்த இடம் வீங்கும், இரத்தம் உறையாமல் போகும். எட்டடி விரியன் இரவில் வரும், நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும், நோவும் தடமும் பெரிதாக இராது. சில மணித்தியாலங்களில் இமை தொங்கும், பிறகு மூச்சுத் தசை சோரும். விடியற்காலையில் வயிற்று நோவு, கண் திறக்க முடியவில்லை என்று விடுதியிலிருந்து அழைப்பு வந்தால், தொண்டர் முதலில் நினைக்கவேண்டியது இதைத்தான். செய்யவேண்டியது கொஞ்சம்: மோதிரம், காப்பு, செருப்பு கழற்று, கை காலை மட்டை வைத்து அசையாமல் கட்டு, நடக்க விடாதே, நேரத்தைக் குறி, 1990. வெட்டாதே, கயிறு கட்டாதே, உறிஞ்சாதே. பாம்பை அடித்துக்கொண்டுவர ஆள் அனுப்பினால் இரண்டாவது கடியும் வாங்கி வருவார். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் போதும், அதுவும் ஆபத்தில்லாமல் எடுக்க முடிந்தால்.

பையோடு விற்பனையாளர் சிலர் அரைநாள் இலவசப் பயிற்சியும் தருகிறார்கள். அது பை விற்கும் பயிற்சி, ஆள் ஆக்கும் பயிற்சி அல்ல. நாற்பது பேர் சுற்றி நிற்க, ஒருவர் ஒற்றைப் பொம்மையில் செய்துகாட்ட, எல்லோருக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஒரு பொம்மைக்கு நான்கு பேருக்கு மேல் என்றால் சி.பி.ஆர். எனும் நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முறை கைக்கு வராது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலெழ விடவேண்டும், 30 அழுத்தலுக்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். சொல்ல அரை நிமிடம். செய்தால் இரண்டாம் நிமிடத்தில் தோள் எரியும், ஆழம் குறையும், செய்பவருக்குக் குறைந்தது தெரியாது. இதை உணரவைக்கத்தான் ஆழம் போதினால் சத்தமிடும் பொம்மை. விடுதிக் கட்டிலின் மெத்தை மேல் அழுத்தினால் இறங்குவது மெத்தை. ஆளை நிலத்துக்கு இறக்கிவிட்டுத் தொடங்கவேண்டும். விட்டு விட்டு வரும் கொறட்டை போன்ற இழுப்பை மூச்சு என்று நம்பிக் காத்திருப்பது இன்னொரு பொதுப் பிழை. நினைவில்லை, மூச்சு இயல்பில்லை என்றால் தொடங்கு.

செஞ்சிலுவைச் சங்கத்தினரிடமோ மாவட்ட வைத்தியசாலையினரிடமோ முறையான பயிற்சி கேளுங்கள். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வடக்கின் மாவட்டங்களில் கிளைகள் உண்டு. முதல் பயிற்சி குறைந்தது ஐந்து முழு நாள் இருக்கட்டும். அதைவிட முக்கியம், மாதமொருமுறை அரைமணி பொம்மை முன் முழங்காலிடுவது. சி.பி.ஆர். திறன் மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் மங்கிவிடும். ஒவ்வொரு மாதமும் ஒரு காட்சி வையுங்கள்: மெய்வல்லுநர் போட்டியில் ஓடிமுடித்துத் தடுமாறிப் பிதற்றுபவர், வலிப்பு வந்தவர், தலைக்கவசத்தோடு வீதியில் கிடப்பவர். வெயிலில் பிதற்றுபவருக்கு ஜீவனி கரைத்துக்கொண்டிருக்கும் அணி தோற்ற அணி. அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்கு எடுத்து, உடுப்பைத் தளர்த்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும், வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. வலிப்புக்காரர் கையில் சாவியைத் திணிக்க யாராவது ஓடிவருவார்கள்; அவரைத் தடுத்து, தலைக்கடியில் ஒரு துணி வைத்து, கடிகாரத்தைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990. தலைக்கவசத்தை, மூச்சு நன்றாக இருந்தால் தொடவேண்டாம். மூச்சு அடைத்தால் இருவர் சேர்ந்து, ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் கழற்றவேண்டும்.

விவசாய பீடத்தினரும் நில அளவைக்குப் போகும் பொறியியல் மாணவரும் வெளிக்களம் போகும்போது இன்னொரு பாடமும் உண்டு. விழுந்தவரை நோக்கி ஓடுமுன் நிலத்தைப் பார். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ துருவேறிய உலோகமோ கண்டால் நின்ற இடத்தில் நின்று, வந்த தடத்திலேயே திரும்பி, உதவி கூப்பிடவேண்டும்.

ஏ.ஈ.டி. எனும், நெஞ்சு நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவியை வாங்கப் பணம் இருக்கும் வளாகம் தயங்காமல் வாங்கலாம். நெஞ்சு நின்ற பின் அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், சி.பி.ஆர். இல்லாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. ஆனால் ஒட்டும் தகடுகள் அநேகமாக இரண்டு வருடத்தில் காலாவதியாகும், பற்றரியும் மாற்றவேண்டிவரும். அடுத்த வருட வரவுசெலவில் அதற்கு இடமில்லையென்றால் சுவரில் தொங்குவது வெறும் பெட்டி. பெரும்பாலான கருவிகளுக்கு 50 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கும். தகரக் கூரை போட்ட காவலறையிலும் பூட்டிய வாகனத்திலும் கோடையில் அது தாண்டும். பல குளுக்கோஸ் பரிசோதனைப் பட்டிகளுக்கு 30 பாகையே எல்லை; வன்னிப் பகலில் அவை சாதாரண அறையிலேயே பழுதாகும், பிழையான எண்ணைக் காட்டும். வைத்திய அதிகாரி அனுமதித்திருந்தாலும் சுகாதார நிலையத்தின் குளிரூட்டிய அறையில் வைத்து, தேவைப்படும்போது எடுங்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் வீதத்தைப் பார்க்கும் ஒட்சிமானி பைக்குள் இருக்கலாம். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் அது பொய் சொல்லும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். நிமிடத்துக்கு முப்பது தரம் இழைப்பவரின் திரையில் 97 காட்டினாலும் அவர் நோயாளிதான்.

சேவை என்ற அளவில் மாணவர் அணிகள் சறுக்கும் இடங்கள் பைக்கு வெளியே இருக்கின்றன. 1990 அழைப்பை எடுப்பவர் கொழும்புப் பக்கம் இருந்து பேசுகிறார். 'கம்பஸுக்கு வாங்கோ' என்றால் அவருக்கு விளங்காது. வீதி, எந்தக் கேற், எந்தக் கட்டடம், எத்தனை பேர், நினைவு உண்டா, மூச்சு உண்டா, திருப்பி அழைக்கும் இலக்கம் என்ற வரிசையை அட்டையில் எழுதிப் பையின் மூடியில் ஒட்டுங்கள். ஒருவர் கேற்றில் ரோச் லைட்டோடு நிற்க வேண்டும். அவருடைய வேலை அதுமட்டுமே.

எல்லா மாணவரும் தமிழ் பேசுபவர்கள் அல்லர். 'கொஹேத ரிதென்னே?' எங்கே நோகிறது, 'ஹுஸ்ம கன்ன அமாருத?' மூச்செடுக்கக் கஷ்டமா என்ற இரண்டு கேள்வியாவது ஒவ்வொரு தமிழ்த் தொண்டருக்கும் வாயில் வரவேண்டும். சிங்கள மாணவரையும் முஸ்லிம் மாணவரையும் அணியில் சேர்ப்பது இதற்கு இன்னும் நல்ல விடை. அம்புலன்ஸ் பணியாளரிடம் ஒப்படைக்கும் துண்டில் எண்கள் பெரிதாக இருக்கட்டும்: நடந்த நேரம், நாடி, மூச்சு, பட்டி கட்டிய நேரம். அதைப் போனில் படமெடுத்து வாட்ஸப்பில் போடுபவரை அன்றே அணியிலிருந்து நீக்குங்கள். காயம் பகிடிவதையால் வந்தது என்று தெரிந்தால் துண்டில் 'படியில் விழுந்தது' என்று எழுதிக் கொடுக்க வற்புறுத்துவார்கள். எழுதக்கூடாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். கண்டதை எழுதி வைத்திய அதிகாரியிடம் கொடுங்கள். விசாரிப்பது தொண்டரின் வேலையல்ல.

பணிப் பட்டியலில் எந்நேரமும் இருவர், ஒருவர் பெண். பரீட்சைக் காலத்தில் முதலாம் வருடத்தாரை ஒரேயடியாகப் போடாமல், பரீட்சை இல்லாத பீடத்தவரை முன்னே நிறுத்தவேண்டும். விடுமுறையில் அணி இயங்காவிட்டால் விடுதிப் பலகையில் அதை வெளிப்படையாக எழுதுங்கள். இல்லாத அணியை நம்பி ஒருவர் காத்திருப்பது அணியே இல்லாததைவிட ஆபத்து.

எங்கள் தீர்ப்பு: பச்சைப் பெட்டி விரிவுரை மண்டபத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும். ஆய்வுகூடத்தில் தீக்காயத்துக்குப் பெட்டியைத் தேடுமுன் குழாயடியில் இருபது நிமிடம் தண்ணீர். சிவப்புப் பையைப் பைக்காகவும் கத்தரிக்காகவும் மட்டும் வாங்கலாம், உள்ளடக்கத்தை நம்பி அல்ல. கைக்கு வசதியான சாதாரண முதுகுப் பை ஒன்றில் மேலே சொன்னவற்றை நீங்களே அடுக்கினால் செலவும் குறையும், எந்த அறையில் எது என்று கையும் அறியும். அடுக்கியதும் சிப்பின் இரு தலையையும் ஒரு பிளாஸ்ரிக் கட்டுநாடாவால் பூட்டி, அதில் எண்ணும் திகதியும் எழுதுங்கள். நாடா அறுந்திருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள், அன்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. ஒரு பைக்குப் பணம் இருந்தாலும் இரண்டு வாங்குங்கள், தேவைப்பட்டால் உள்ளடக்கத்தைக் குறைத்தாவது. இரவில் பெண்கள் விடுதிக்குள் ஆண் தொண்டர் போக முடியாது. பை ஆண்கள் விடுதியில் தொங்கினால் அது கேற்றில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாவது பை பெண்கள் விடுதியின் உள்ளே, விடுதிப் பொறுப்பாளரின் அறைக்கு வெளியே, பூட்டில்லாத கொளுவியில் தொங்கட்டும். அந்த விடுதியிலேயே தங்கும் நான்கு மாணவிகளுக்காவது முழுப் பயிற்சி கொடுங்கள்.